தவமணியின் வலது கை

தவமணிக்குப் பொருத்திய இயந்திரக் கை எல்லா வேலையும் செய்தது; அவள் குழந்தையை மட்டும் தூக்க மறுத்தது. எட்டு மாத மகளை நோக்கி நீட்டினால் விரல்கள் பாதியிலேயே விறைத்து நின்றுவிடும். அவள் மனதில் நினைப்பதைச் செய்யும் கை அது. அதனால் தவமணிக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் இத்தகைய கைகளைப் பழுதுபார்க்கும் பர்வீனிடம் குழந்தையோடு போய் நின்றாள்.

"ஏனுங்க, புள்ள மேல எனக்குப் பாசம் இல்லாமயா இப்படி நடக்குது?"

"அதைக் கையவே கேட்டுப்போடலாங்க்கா. கழட்டக்கூட வேண்டாம். ஓடிட்டு இருக்கறப்பவே தன் புரோகிராமைக் காட்டும்."

பர்வீன் குழந்தையை அருகில் கொண்டுவந்தாள். தவமணி கையை நீட்டினாள், விரல்கள் விறைத்தன. அந்தக் கணத்தில் கையை நிறுத்திய வரி பர்வீனின் கணினித் திரையில் தமிழிலேயே தெரிந்தது: 'உயிருள்ள எதையும் பிடிக்காதே. மென்மையாகப் பிடிக்கப் பழகும்வரை இந்த வரி இருக்கட்டும்.'

தவமணி அதை இரண்டு முறை படித்தாள்.

"அப்போ இது நானில்லீங்களா?"

"நீங்க இல்லீங்க்கா. எழுதினவங்க பயந்துபோய்ப் போட்டிருக்காங்க, எடுக்க மறந்துட்டாங்க. இந்தக் கையில என்ன வேலை பாக்கறீங்க?"

"கோழிப்பண்ணையில முட்டை பொறுக்கறேனுங்க. ஒரு வருசத்துல ஒண்ணுகூட ஒடைஞ்சதில்ல."

பர்வீன் சிரித்துக்கொண்டே அந்த வரியை அழித்தாள்.

தவமணி மறுபடியும் கையை நீட்டினாள். விரல்கள் நிற்கவில்லை. முதுகை மெல்லத் தாங்கி மகளை மார்போடு சேர்த்துக்கொண்டன. குழந்தை தலையைத் திருப்பி, தன் தோளருகே தெரிந்த கட்டைவிரலைக் கவ்விச் சப்பத் தொடங்கியது.