கடைசித் தாளிலிருந்து

இந்திரகுமார் கை துடைத்து எறிந்த தாளை, அவனுடைய அப்பா குனிந்து எடுத்தார். எண்ணெயை வேட்டியில் ஒற்றி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அப்பா! எச்சித் தாளப் பொறுக்குறீங்களே, பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

பெல்மதுளைச் சந்தியில் ஹில்மியின் தேநீர்க்கடை. காலை நேரம். எல்லா மேசையும் திரும்பிப் பார்த்தது.

அப்பா இருளப்பன் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்தவர். சீனி வியாதியில் போன வருடம் கால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள்.

"கிளினிக்ல எண்ணெப் பலகாரம் தொடவே கூடாதுன்னாங்க. இவரு தெனமும் நொண்டிக்கிட்டு வந்து ரெண்டு வடை! எங்க வடை? அதுக்குள்ள முழுங்கியாச்சா?"

"ஆமா" என்றார் இருளப்பன்.

"நாக்கு ருசி! இன்னொரு விரலும் போனாத்தான் அடங்குவீங்க. ஹில்மி நானா, இனி இவருக்கு ஒரு வடை குடுத்தாலும் நான் இந்தக் கடைப்பக்கம் வரமாட்டேன்."

அவனுடைய ஆட்டோ இரத்தினபுரிப் பக்கம் திரும்பிப் போனது.

ஹில்மி மேசைக்கு வந்தார்.

"ஐயா, என்னத்துக்குப் பொய் செல்ற? வடையத் திங்கிறது வாசல்ல படுத்து ஈக்கிற அந்த நாய். ஒரு மாசமா நானும் பாத்துக்கிட்டுத்தான் ஈக்கிறன். உங்களுக்கு வேண்டியது நான் சுத்திக் குடுக்கிற தாள்தானே?"

இருளப்பன் வெட்கத்தோடு சிரித்தார்.

"விக்டோரியா மகாராணி காலத்து நாவலுங்க, மொதலாளி. எழுதினவரு செத்து நூறு வருசத்துக்கு மேல."

"பழைய பேப்பர்க்காரன் கட்டோட தந்தது. இங்கிலீஷ். எண்ணெய நல்லா உறிஞ்சுது, அதுதான் எனக்குத் தெரியும். அப்புடி என்ன ஈக்கி அதுல?"

"இங்கிலாந்தையே பாக்காத எனக்கு, அந்த ஆளு நம்ம தோட்டத்து லயத்து வீட்டுல ஒரு வாரம் தங்கிட்டுப் போய் எழுதின மாதிரி இருக்கும். ஏழைகளுக்குப் புத்திமதி சொல்ல ஒரு கனவான் வருவாரு. வாயத் தொறந்தாருன்னா அப்படியே நம்ம பழைய பெரிய கங்காணி! படிச்சு வயிறு வலிக்கச் சிரிச்சிருக்கேன். அடுத்த பக்கத்துலயே அழ வச்சிருவாரு."

"கதை வெளங்குதா? நான் பின்னாலருந்து கிழிக்கிறனே."

"அதுவும் ஒரு ருசிதாங்க. தாயில்லாத பொண்ணு ஒருத்தி. போன மாசம் அவளப் பொதச்சாங்க. அதுக்கப்புறம் பிரசவம். போன கெழம கல்யாணம். இன்னைக்கு எட்டு வயசு, வேலி தாண்டி ஆப்பிள் திருடுறா."

ஹில்மி உரக்கச் சிரித்தார். "அப்ப நான் கிழிக்கக் கிழிக்க அவ உசிரோட வாறா!"

"ஆமாங்க. இன்னும் கொஞ்சப் பக்கம்தான் பாக்கி. இப்ப நிறுத்திட்டீங்கன்னா அவ பொறக்காமலே போயிருவா."

ஹில்மி எழுந்து போனார். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்த புத்தகத்தை எடுத்துத் தட்டிக்கொண்டு வந்தார். அட்டையும் பத்துப் பதினைந்து தாளும்தான் மிச்சம்.

"வடையும் வேணாம், ஒண்டும் வேணாம். இந்தாங்க, கொண்டுபோங்க."

இருளப்பன் இரண்டு கையையும் நீட்டினார். கொடுக்கப் போன ஹில்மி அட்டையைத் திறந்து பார்த்தார். உள்ளே நீல மையில், கிளாக்கர் கையெழுத்து: 'ரா. இருளப்பன், 1981.'

அட்டையை இருளப்பன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"ஐயா, இது உங்கட புத்தகமா? மொத நாளே ஒரு வார்த்த செல்லி ஈந்தா முழுசாத் தந்திருப்பேனே! ஆளாளுக்குக் கை தொடைக்கக் குடுத்துட்டேனே!"

இருளப்பன் அதை வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டார்.

"சொல்லியிருந்தா, யாரு வித்ததுன்னு கேட்டிருப்பீங்க. நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப பெட்டியோட எல்லாப் புத்தகத்தையும் கறையான் தின்னுருச்சுன்னு மகன் சொல்லியிருக்கான். அவன் நாளைக்கும் இந்தக் கடையிலதானே டீ குடிக்கணும், மொதலாளி."