ரோபோவின் நெற்றி

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே பல்கலைக்கழகக் கூடத்தில் ரோபோப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் பத்தே நிமிடம் இருக்கிறது. நேற்று வரை தரையில் வரைந்த கறுப்புக் கோட்டைப் பிடித்து ஓடிய ரோபோ, இன்று ஓரத் தடுப்புப் பலகையில் முட்டி முட்டி நிற்கிறது. காலையில் அதனோடு தனியாக இருந்தவன் அஷ்வத் மட்டும்தான். எதிரணியோடு சிரித்துச் சிரித்துக் காபி குடித்தவனும் அவனே. தேஜஸ்வினி அவனை முறைக்கிறாள். "என்னடா பண்ணித் தொலைச்ச?" "சத்தியமா ப்ரோக்ராமைத் தொடல, தேஜு." சொல்லும்போதே அவன் கை சட்டைப்பையை மூடுகிறது. உள்ளே இருப்பதை அவள் வெடுக்கென்று உருவுகிறாள். பென்டிரைவ் இல்லை, குங்குமப் பொட்டலம். ரோபோவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள். முகப்பில் வைத்த பொட்டு வழிந்து கேமராவை மூடியிருக்கிறது. "புது வண்டிக்கு வைக்கிறதுதானே... கொஞ்சம் தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு." நடுவர் அணியின் பெயரை அழைக்கிறார். அவள் துப்பட்டா நுனியால் கேமராவைத் துடைக்கிறாள். மேலே மிஞ்சிய பொட்டை மட்டும் விட்டுவிடுகிறாள்.