மிச்சம் நாலு சதவீதம்

எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? உடம்பு சௌகரியமா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

இன்று காலை டயாலிசிஸ் வார்டில் வீணாவும் இப்படித்தான் கேட்டாள். என்னை இல்லை, ஏழாம் நம்பர் மெஷினில் படுத்திருந்த என் மகன் ரயானை.

வீணாவின் புருஷன் உமேஷ் வெயிட்டிங் லிஸ்ட்டில் முதல் ஆள்.

எங்கள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மெஷின் எட்டுதான். எல்லா இடமும் நிரம்பிவிட்டது. ஒருவர் போனால்தான் இன்னொருவர் உள்ளே வரலாம்.

போன வருஷம் ரயான்தான் முதல் ஆள். தனியாரில் டயாலிசிஸ் செய்ய இன்னும் ஒரு மாதத்துக்குத்தான் பணம் இருந்தது. அவனுக்கு ஆறு வயதில் ஒரு பெண் வேறு. ஆபீஸில் போய்ச் சண்டை போட்டேன். கிளார்க் சேஷகிரி பேப்பரை விரித்து பட்ஜெட் பக்கத்தைக் காட்டினார்.

"சர்க்கார் செலவு நூத்துக்குப் பத்து ஏறியிருக்கு ஆன்ட்டி. விலைவாசிக்கு அஞ்சு, ஜனத்தொகைக்கு ஒண்ணு தள்ளுங்க. அப்பவும் நாலு மிச்சம்! முன்ன விட ஜாஸ்திதானே?"

"அந்த நாலு எந்தக் கட்டில்ல படுத்திருக்கு, காட்டுங்க சார். நகத்திட்டு என் பையனைப் படுக்க வைக்கிறேன்."

அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அப்போது ஏழாம் நம்பரில் இருந்தவர் ஜீவனஹள்ளி முனிராஜ். துணைக்கு யாரும் கிடையாது. அவர் வரும் நாளெல்லாம் போய் நலம் விசாரிப்பேன். பெற்ற தாய் மாதிரி என்று நர்ஸ்களிடம் சொல்வாராம்.

அந்த மாதமே அவர் போய்விட்டார். ரயான் உள்ளே வந்தான்.

இந்த வருஷமும் செலவு ஏறியிருக்கிறதாம். மெஷின் அதே எட்டு. லிஸ்ட் மட்டும் இரண்டு பக்கம்.

வீணா விசாரித்ததில் ரயானுக்கு ஒரே சந்தோஷம். தாகமாக இருக்கிறது என்றான். கிட்னி போனவர்களுக்கு அளந்துதான் தண்ணீர்.

அவன் தலைக்கு மேல் சுவரில் பெரிய போர்டு: இளநீர் கூடாது, இதயம் நின்றுவிடும்.

வீணா பையைத் திறந்தாள். சீவிய இளநீர், ஸ்ட்ராவோடு.

ஓங்கித் தட்டிவிட்டேன். தரையெல்லாம் ஓடியது. பாவம், தெரியாமல் வாங்கி வந்திருப்பாள் என்று நர்ஸ் என்னைத்தான் திட்டினாள்.

தெரியாமலா?

கேட் பக்கத்து வண்டியில்தான் வாங்கியிருப்பாள். முனிராஜுக்கு நானும் அங்கேதான் வாங்கினேன்.

சரி, அதை விடுங்கள். உங்களைத் தினமும் யார் வந்து நலம் விசாரிக்கிறார்கள்? வரும்போது கையில் என்ன கொண்டு வருகிறார்கள்? ஒரு வரி எழுதிப் போடுங்கள்.