பழசாக்கிய சட்டை

உடை வடிவமைப்பு மாணவி ஒத்திகைக் கூடத்தின் ஜன்னலோரம் நின்று ஒரு புதுச் சட்டையைப் பழசாக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் கைக்கு வந்திருக்கும் முதல் நாடகம் இது. "ஓய்வு பெறப்போற குமாஸ்தா புதுமாப்பிள்ளை மாதிரி வந்து நின்னா நல்லாவா இருக்கும்?" என்று காலையில் இயக்குநர் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். காலர் மடிப்பில் உப்புத்தாள் கரகரவென்று தேய்கிறது. நூல்தூசி வெயிலில் மிதக்கிறது. தேயிலைத் தண்ணீரில் நனைத்த அக்குள் பழுப்பேறிவிட்டது. சட்டைப்பையின் ஓரத்தில் நீல மைக்கறை, தோள்பை மாட்டி மாட்டி நைந்த இடது தோள் என்று எதையும் அவள் யோசித்துச் செய்யவில்லை. கை தன் பாட்டுக்குப் போகிறது.

சாப்பாட்டு டப்பாவோடு வரும் அம்மா வாசலிலேயே நின்றுவிடுகிறாள். "அப்பா சட்டைய எதுக்குடி இங்க எடுத்துட்டு வந்தே? அவர் போனதுலேர்ந்து பீரோவுலதானே பூட்டி வெச்சிருக்கேன்?"

"ஐயோ, இது நேத்து கடையில வாங்கினதும்மா."

அம்மா நம்பவில்லை. டப்பாவைக் கீழே வைக்கிறாள். அப்பாவின் சட்டையைத் துவைக்கப் போடுமுன் எப்போதும் செய்ததுபோல, சட்டைப்பைக்குள் இரண்டு விரலை விட்டுத் துழாவுகிறாள். மடித்த பஸ் டிக்கெட் ஒன்றுகூட இல்லை. விரல்கள் மெல்ல வெளியே வருகின்றன.

"ஆமாடி," என்கிறாள். "புதுசுதான்."