எத்தனை தடவை

மரத்தடுப்புக்கு அப்பாலிருந்து பாதிரியார் கேட்டார், எத்தனை தடவை என்று.

முழந்தாளில் நின்றவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நாகர்கோவிலானால் என்ன, போலந்தானால் என்ன, பாவசங்கீர்த்தனத்தில் இந்தக் கேள்விக்குத் தப்ப வழியில்லை.

பாவம் ஒன்றே ஒன்றுதான். அம்மாவிடம் சொல்லும் பொய்.

கணவன் செல்வின் அவளை விட்டுவிட்டு ஜெர்மனிக்குப் போனது கோடையில். இப்போது பனி கொட்டுகிறது. மாப்பிள்ளை சாப்பிட்டாரா என்றுதான் அம்மா தினமும் போனில் முதலில் கேட்பாள். சாப்பிட்டார் என்று இவளும் தினமும் சொல்வாள். அம்மா தாங்கமாட்டாள் என்று பயந்து முதல் நாள் சொன்னது. மறுநாள் அது தானாக வந்தது. இல்லாத மனிதனுக்குப் போனிலேயே புட்டும் மீன்குழம்பும் பரிமாறிப் பரிமாறி அலுத்துவிட்டது.

சனிக்கிழமை போலிஷ் மொழி வகுப்பில் இதற்கென்றே மூன்று சொற்கள் படித்திருந்தாள். ஒரே தடவை நடந்தால் யெட்நோக்ரோத்னியெ. சில தடவை என்றால் கில்காக்ரோத்னியெ. பல தடவைக்கு வியெலோக்ரோத்னியெ.

கில்காக்ரோத்னியெ என்று சொல்லிச் சமாளித்துவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தாள்.

மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் பேரமா?

"வியெலோக்ரோத்னியெ," என்றாள்.

அவர் மெல்ல ஜெபித்தார். பிறகு மரத்தில் டொக் டொக் என்று தட்டினார்.

காதில் விழவில்லையோ? கோபமோ? இன்னும் உரக்கச் சொன்னாள். மறுபடியும் தட்டினார். மறுபடியும் சொன்னாள்.

பின்னால் வரிசையில் நின்ற பெண் அவள் தோளைத் தொட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, எழுந்து போகலாம் என்று கை காட்டினாள். இந்த ஊரில் பாதிரியார் தட்டினால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம்.

முதல் தட்டிலேயே மன்னிப்புக் கிடைத்துவிட்டிருக்கிறது. இவள்தான் விடாமல் பாவத்தைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கோயில் வாசலுக்கு வருவதற்குள் சிரித்துவிட்டாள். எத்தனையோ மாதங்களாக வராத சிரிப்பு. உடம்பே லேசாக இருந்தது.

போன் அடித்தது.

"மாப்பிள்ள சாப்பிட்டாரா மக்களே?"

"அவரு இங்க இல்லம்மா. என்ன விட்டுட்டுப் போயிட்டாரு. ஜூன்லயே போயிட்டாரு."



அவள் பனியில் நின்று காத்திருந்தாள்.

"நீ சாப்பிட்டியா?" என்றாள் அம்மா.