அம்மை போட்ட வீட்டு வாசலில்

வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் புவனா உட்காருகிறாள், எழுகிறாள், மறுபடி உட்காருகிறாள். உள்ளே வேப்பிலை பரப்பிய பாயில் மகள் கீர்த்தி கிடக்கிறாள். காலையில்தான் கழுத்திலும் முதுகிலும் கொப்புளங்கள் தெரிந்தன. மேகம் விலகும்போதெல்லாம் ரப்பர் மர நிழல்கள் முற்றத்தில் ஓடுகின்றன. "அம்மா, அரிக்குது. நீ வா." "அம்மாவக் கூப்பிடாத, சாமி," என்று கணவன் இந்திரகுமார் ஈரத்துணியால் ஒற்றுகிறான். மூட்டுவாதத்துக்குப் புவனா வாரம் ஒருமுறை போடும் மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். அம்மை அவளுக்கு வந்தால் லேசில் போகாது. ஆனால் நேற்று தாயும் மகளும் ஒரே போர்வைக்குள்தான் தூங்கினார்கள்.

"சின்ன வயசில உங்களுக்கு அம்மை போட்டிருக்கா? கேட்டுச் சொல்லுங்க," என்று கிளினிக் நர்ஸ் மிஸ் போனில் கேட்டிருக்கிறார். புவனாவின் அம்மா உயிரோடு இல்லை. ருவான்வெல்லை அத்தையின் நம்பரை வீங்கிய விரல் இரண்டுமுறை தப்பாக அழுத்துகிறது. "போட்டது உங்கக்காவுக்கு. உன்னைய அப்பவே எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டோமே," என்று அத்தை பெருமையாகச் சொல்கிறாள். அப்படியென்றால் புவனாவுக்கு அம்மை வந்ததே இல்லை. மறுபடி போன் எடுத்து மிஸ்ஸிடம் அதைச் சொல்கிறாள். "அப்ப இந்த வார மாத்திரைய போடாதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்கு வாங்க. வந்ததும் வாசல்லயே விஷயத்தச் சொல்லிருங்க."

ஆட்டோ வந்து உறுமுகிறது. இந்திரகுமார் கிளினிக் புத்தகத்தை வீட்டு ஜன்னல் வழியாக நீட்டுகிறான்; புவனா வாங்கிக் கக்கத்தில் இடுக்குகிறாள். அவன் தோளுக்கு மேலாகச் சின்னக் கை ஒன்றும் நீள்கிறது. "கை குடும்மா." புவனா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொள்கிறாள். "வந்து தர்றேன்டா." அவள் ஏறிய ஆட்டோ இறக்கத்தில் திரும்பிய பிறகும் அவள் கைகள் பின்னாலேயே இருக்கின்றன.