திரும்பிப் பார்த்த அம்மா

“பாங்காக் போட்டிக்கு அம்மா வேண்டாம், மாஸ்டர். வேற ஆள் போடுங்க.”

சக்கர நாற்காலியில் சாய்ந்தபடி ரின் சொன்னாள். வாயில் மாம்பழம் இருந்தது. ஊட்டிக்கொண்டிருந்ததே அந்த அம்மாதான்.

அம்மா வன்பென் அடுத்த துண்டைக் குத்தி எடுத்தாள். பயிற்சியாளர் தவாட்டுக்குத்தான் இருமல் வந்தது.

காரணம், கோராட் நகரில் அந்த விளையாட்டு அரங்கத்துக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும்.

ரின்னுக்குக் கை கால் வராது. தலையில் கட்டிய குச்சியால் தள்ளி, ஒரு சரிவுப் பலகை வழியாகப் பந்தை உருட்டுவாள். ஆடுகளத்தில் குறியாகக் கிடக்கும் வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் யார் பந்து நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. அவள் சொல்கிறபடி பலகையைத் திருப்பிவைக்க ஓர் ஆள் உண்டு. அந்த ஆள் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். திரும்பக் கூடாது. பழக்கம் கெட்டுவிடும் என்று பயிற்சியில்கூடத் தவாட் திரும்ப விடமாட்டார்.

போன மாதம் தேசியப் போட்டி அரையிறுதியில் வன்பென் திரும்பிவிட்டாள். அபராதமாக எதிராளிக்கு ஒரு பந்து கூடுதல். ஆட்டம் போச்சு. மூன்றாம் இடத்தைப் பிடித்துத் தப்பித்ததால்தான் ரின் இப்போது பாங்காக் போகிறாள்.

“ஒரே ஒரு தப்புக்குப் பெத்தவளையே கழட்டி விடுறா பாருங்க,” என்றாள், வாசலில் கோழி சுட்டு விற்கும் லம்யை. “என் பொண்ணா இருந்தா சோறு போட மாட்டேன்.”

“உன் பொண்ணு உன் சமையலைச் சாப்பிடறதே இல்லையேக்கா,” என்றார் தவாட்.

ஆனால் அவருக்கும் மனசு கேட்கவில்லை. திரும்ப ரின்னிடம் வந்தார்.

“யோசிச்சுக்கோ, ரின். இது ஆசியப் போட்டி. இதுல ஜெயிச்சாத்தான் உலகப் போட்டிக்கே வழி. புது ஆளுக்கு உன் கண்ணசைவு பிடிபடவே நாளாகும். உங்கம்மாவுக்கு நீ மூச்சு விட்டாலே புரியும்.”

“தெரியும். இங்க பந்து பொறுக்கிப் போடற அனனைப் பழக்கிக்கறேன்.”

“அனனா? அவனுக்கு வலது எது, இடது எதுன்னே யோசிச்சாத்தான் தெரியும்.”

“யோசிக்கறானே, அது போதும்.”

“உனக்கு ஜெயிக்கணுமா, வேண்டாமா?”

“ஜெயிக்கணும்.”

வன்பென் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“விடுங்க மாஸ்டர். அவ சொல்றது சரிதான். அன்னைக்குக் கூட்டம் கத்தினதும் கழுத்து தானா திரும்பிடுச்சு. பாங்காக்ல கூட்டம் இன்னும் ஜாஸ்தி. என்னை நம்ப முடியாது.” மகளின் வாயைத் துடைத்துவிட்டாள். “அனனுக்கு நானே எல்லாம் சொல்லிக்குடுத்துடறேன். போட்டியப்போ நான் வீட்டுல இருந்துக்கறேன்.”

“வீட்டுல இருக்கச் சொல்லி யாரு சொன்னது?” என்றாள் ரின்.

பிறகு தவாட் பக்கம் கண்ணைத் திருப்பினாள்.

“மாஸ்டர், பாங்காக்ல ஒரு டிக்கெட் வேணும். முன் வரிசை. ஆடுகளம் நல்லாத் தெரியணும்.”

“யாருக்கு?”

“நான் உருட்டற பந்து எங்க போய் நிக்குதுன்னு, இத்தனை வருஷமா என் மூஞ்சியைப் பார்த்தே தெரிஞ்சுக்கறாங்களே ஒருத்தங்க, அவங்களுக்கு.”